25 பிரதி கேசட் ஆல்பம்: ஷெஃபீல்டு பரணில் செய்த முறையும் இன்று செய்யும் முறையும்

கேள்வி இதுதான்: கேபரே வால்டேர் என்ற பிரிட்டன் மின்னணு இசைக் குழு 1976-இல் வீட்டிலேயே பதிந்து, சுமார் 25 பிரதி மட்டும் போட்டு விநியோகித்த கேசட் எப்படி உருவானது? அதே மாதிரி ஒன்றை இன்று செய்ய என்னென்ன வேண்டும், எங்கெங்கே சொதப்பும்?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஓரங்கட்டிவிடலாம். வீட்டு கேசட் ஆல்பம் என்றதும் எல்லோர் மனதிலும் நான்கு டிராக் (நான்கு தனித்தனி ஒலித் தடம்) கேசட் ரெக்கார்டர்தான் வந்து நிற்கும். ஆனால் அந்த வகையில் முதலாவதான டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 வெளிவந்ததே 1979-இல். கேபரே வால்டேரின் கிறிஸ் வாட்சன், ரிச்சர்ட் எச். கிர்க், ஸ்டீஃபன் மாலிண்டர் மூவரும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1973-இலேயே தொடங்கிவிட்டார்கள். இடம், வாட்சன் வீட்டுப் பரண். அவர் தொலைபேசித் துறையில் இன்ஜினியர், சாலிடரிங் கை பழகியவர். பின்னாளில் காட்டுயிர் ஒலிப்பதிவாளராக உலகப் பெயர் பெற்றவரும் இவரே. பரணில் இருந்தவை ரீல் டேப் ரெக்கார்டர்கள். கேசட் கடைசிக் கட்டத்தில், பிரதி எடுக்க மட்டுமே வந்தது.

ஏன் கேசட்? வினைல் என்றால் தகடு வெட்டும் செலவு தனி, அச்சுக்குக் குறைந்தபட்சம் சில நூறு பிரதி தேவை. கேசட்டை ஒன்று வேண்டுமானால் ஒன்று, பத்து வேண்டுமானால் பத்து என்று போடலாம். லண்டனில் த்ராபிங் கிரிஸில் குழு 1976-இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ், தங்கள் கச்சேரிகளை வரிசையாக கேசட்டாகவே விற்றதும் இந்தக் கணக்கில்தான். 1980-இல் கேபரே வால்டேரின் பரண் பதிவுகளைத் தொகுத்து கேசட்டாக வெளியிட்டதும் அதே நிறுவனம். அந்தக் காலத்துப் பதிவுகளைக் கேட்க விரும்புகிறவர்கள் 2003-இல் மியூட் நிறுவனம் மூன்று குறுந்தகடுகளாக வெளியிட்ட பெட்டியைத் தேடிப் பிடிக்கலாம்.

அந்த ஒலியின் ரகசியத்தை எந்த சிந்தசைசர் என்பதில் தேடாதீர்கள். எந்த ஒலி எத்தனை முறை டேப்புக்கு டேப் ஏறியது என்பதுதான் அதைத் தீர்மானித்தது. பல டிராக் கருவி இல்லாதபோது அடுக்குவதற்கு இருக்கும் வழி ஒன்றே. முதல் ரெக்கார்டரில் தாளத்தைப் பதிகிறீர்கள். அதை ஓட்டியபடி கூடவே ஆர்கன் வாசித்து, இரண்டையும் இரண்டாம் ரெக்கார்டரில் பதிகிறீர்கள். பிறகு இரண்டாவதை ஓட்டிக் குரலைச் சேர்த்து மீண்டும் முதலாவதில். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு இரைச்சல் சேரும். ஆகவே இரண்டாம் தலைமுறையில் முதலாவதைவிட 3 டெசிபெல் கூடும், நான்காவதில் 6, எட்டாவதில் 9. இரைச்சலைவிடப் பெரிய இழப்பு மேல் அலைவரிசையில். முதலில் பதிந்தது போகப் போக மங்கி, சுவருக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதாகிவிடும். அதனால் வரிசை முக்கியம்: பேஸ், ரீங்காரம், தாளத் துடிப்பு ஆகியவை முதலில், சிம்பல் போன்ற கூர்மையான ஒலிகள் நடுவில், குரல் கடைசியில். இதை வேண்டுமென்றே தலைகீழாக்கினால், குரல் அடியில் புதைந்து தாளம் முகத்தில் அடிக்கும். இந்த வகை இசையில் அதுவும் அழகுதான். ஆனால் முடிவெடுத்துச் செய்ய வேண்டும். நான்கு தலைமுறை கடந்தபின் திருத்த வழியில்லை.

இரண்டு ரீல் ரெக்கார்டர் இருந்தால் நீண்ட எதிரொலியும் கிடைக்கும். டேப்பை முதல் கருவியிலிருந்து நேராக இரண்டாவதின் சுருளுக்குக் கொண்டுபோங்கள். முதலாவது பதியும், இரண்டாவது ஒலிக்கும். இரண்டு ஹெட்டுக்கும் (டேப்பில் ஒலியைப் பதியும், படிக்கும் தலை) இடையே 190 செ.மீ., வேகம் நொடிக்கு 19 செ.மீ. என்றால் எதிரொலி 10 நொடி கழித்து வரும். வேகத்தைப் பாதியாக்கினால் 20 நொடி. இரண்டாவதின் வெளியீட்டை முதலாவதற்குத் திருப்பி ஊட்டும்போது அளவைக் கவனியுங்கள். வந்த ஒலி அதே பலத்தில் திரும்பினால் ஐந்தாறு சுற்றில் எல்லாம் ஒரே ஊளையாகும். சற்றுக் குறைவாக ஊட்டினால் அடுக்குகள் தாமாகத் தேய்ந்து அடங்கும்.

அடுத்தது லூப், அதாவது இரு முனையையும் ஒட்டி வளையமாக்கிய டேப். ஷெஃபீல்டு எஃகு ஊர். இவர்களின் 1975 முதல் கச்சேரியில் டிரம்ஸுக்குப் பதில் ஓடியது நீராவிச் சம்மட்டி ஒலியின் டேப் லூப். இதை இன்று கேசட்டுக்குள்ளேயே செய்யலாம். கேசட் டேப்பின் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ., எனவே 5 நொடி லூப்புக்குச் சுமார் 23.8 செ.மீ. தேவை. ஒட்டிய கூட்டை உடைத்தால் திரும்பச் சேராது, ஐந்து திருகாணி போட்ட கூடாகப் பாருங்கள். டேப்பை வெட்டும் முன் அதே அகலத்தில் ஒரு காகிதக் கீற்றைக் கூட்டுக்குள் பாதை முழுக்கச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். கூட்டுக்குக் கூடு சில மில்லிமீட்டர் மாறும், எழுதிவைத்த கணக்கை மட்டும் நம்ப முடியாது. வெட்டு 45 பாகையில் இருக்கட்டும். நேராக வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' கேட்கும். பிளேடு காந்தம் ஏறியதாக இருந்தாலும் அதே 'டக்'தான். ஒட்டுவது ஹெட்டைத் தொடாத முதுகுப் பக்கத்தில், ஒன்றரை செ.மீ. நீளத்துக்குள், டேப் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்பால். செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை சூட்டில் கசிந்து, டேப்பை அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரில் ஏறும், அதன்பின் அந்த டெக்கில் (கேசட் கருவியில்) போடும் எல்லா கேசட்டும் மாட்டிக்கொள்ளும்.

லூப் இறுக்கமானால் மோட்டார் திணறிச் சுருதி ஆடும். தளர்வானால் டேப்பை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனில் அது சுற்றிக்கொண்டு டெக் அதை மென்றுவிடும். இன்னொரு சிக்கல், டேப்பை இழுத்துச் சுருட்டும் பக்கத்துச் சக்கரம் சுழலாவிட்டால் பல டெக்குகள் டேப் தீர்ந்ததாக எண்ணித் தாமே நின்றுவிடும். எனவே லூப் அந்தச் சக்கரத்தையும் சுற்றிப் போக வேண்டும். இத்தனையும் தலைவலி என்றால் பழைய தொலைபேசி ஆன்சரிங் மெஷினுக்கான முடிவில்லா கேசட் தேடுங்கள். 30 நொடி, 1 நிமிடம், 3 நிமிடம் என்று கிடைத்தன. அவற்றில் ரிவைண்ட் கூடாது, ஒரு முறை அழுத்தினாலே உள்ளே சிக்கிவிடும்.

லூப்பில் மேலுக்கு மேல் பதிய ஒரு குறுக்குவழி உண்டு. பதியும் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் அழிக்கும் ஹெட்டின் முகத்தை மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் மறையுங்கள். பழையது அழியாமல் புதியது மேலே ஏறும். முழுதாக அழியாமல் என்று சொல்ல முடியாது. பதியும்போது ஹெட்டுக்குப் போகும் பயாஸ் எனும் உயர் அலைவரிசை மின்னோட்டம் பழைய அடுக்கின் மேல் அலைவரிசையை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுரண்டும். நான்கைந்து அடுக்குக்குப் பிறகு அடியில் இருப்பது வெறும் முணுமுணுப்பாகிவிடும். எந்த மென்பொருளும் இந்தத் தேய்மானத்தைச் சரியாகக் கொண்டுவரவில்லை என்பது என் கருத்து.

ஒலி மூலத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். த்ராபிங் கிரிஸிலின் கிறிஸ் கார்ட்டர் செய்துகொடுத்த பிரபலமான கிரிஸிலைசர் பெட்டியே, பிரிட்டனின் 'பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையில் 1975-இல் வந்த கிட்டார் எஃபெக்ட் சுற்று ஒன்றிலிருந்து வந்ததுதான். இன்று தொடங்குகிறவருக்கு எளிது சிடி40106 ஐசி. அதில் ஆறு தலைகீழாக்கிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு ஆஸிலேட்டர் (தொடர்ந்து அலை எழுப்பும் சுற்று). உள்ளீட்டிலிருந்து தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு 10 கிலோஓம் மின்தடையோடு தொடராக 1 மெகாஓம் பொட்டன்ஷியோமீட்டர், அவ்வளவுதான். மொத்தத் தடை 100 கிலோஓம் அருகில் இருக்கும்போது 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வாக்கில் பாடும். மின்தேக்கியை 10 மைக்ரோஃபாரட் ஆக்கினால் அது தாளத் துடிப்பாகிவிடும். 14-ஆம் காலுக்கு 9 வோல்ட், 7-ஆம் கால் தரை. பயன்படுத்தாத உள்ளீடுகளைத் தரையில் கட்டாவிட்டால் காற்றில் இருக்கும் ஹம் (மின்சார முரலொலி) எல்லாம் உள்ளே வரும். வெளியீடுகளை நேராகச் சேர்த்தால் ஒன்றையொன்று ஷார்ட் செய்யும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 100 கிலோஓம் வழியே கலக்கவும். 9 வோல்ட் சதுர அலையை நேராக டெக்கில் விடக்கூடாது. கலந்த இடத்திலிருந்து தரைக்கு ஒரு 10 கிலோஓம் போட்டால் லைன் உள்ளீடு தாங்கும் அளவுக்கு இறங்கும். பேட்டரி சாகும் நேரத்தில் ஆறு ஆஸிலேட்டரும் ஒன்றையொன்று இழுத்துத் தடுமாறும். பலர் பாதி தீர்ந்த பேட்டரிகளைப் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.

நான்கு டிராக் கேசட் கருவி கைக்கு வந்தால் அதன் குணங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் நான்கு டிராக்கும் ஒரே திசையில் ஓடும், பல மாடல்களில் வேகம் இரட்டிப்பு, நொடிக்கு 9.5 செ.மீ. கேசட்டைத் திருப்பிப் போட்டால் எல்லாம் பின்னோக்கி ஒலிக்கும், முதல் டிராக் நான்காவதாக மாறியிருக்கும். மாறியது நினைவில்லாமல் பதிந்தால் நல்ல டிராக் ஒன்று அழியும். அந்த இரட்டை வேக கேசட்டைச் சாதாரண டெக்கில் போட்டால் முதல் இரண்டு டிராக் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு டிராக் பின்னோக்கி. செலவில்லாமல் கிடைக்கும் எஃபெக்ட் இது. டிபிஎக்ஸ் இரைச்சல் குறைப்பு இருந்தால் ரீங்காரத்துக்குப் போடுங்கள், தனியான டிரம் மெஷின் அடிக்கு அணைத்துவிடுங்கள். அடிக்கும் அடிக்கும் நடுவே இரைச்சல் மூச்சு வாங்குவது அப்பட்டமாகத் தெரியும்.

இனி டெக். பழைய டெக் வாங்கினால் முதலில் உள்ளே பெல்ட்டைப் பாருங்கள். சில ரப்பர் பெல்ட்டுகள் வருடக் கணக்கில் நின்றால் தார் போல உருகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்தெடுக்காமல் புது பெல்ட் போட்டுப் பயனில்லை. ஹெட்டையும் கேப்ஸ்டனையும் 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். பிஞ்ச் ரோலருக்கு மென்மையான சோப்புத் தண்ணீர் நல்லது, ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்து பளபளத்து வழுக்கும். வேகத்தைச் சோதிக்க, அதே டெக்கில் பதிந்து அதிலேயே போட்டுக் கேட்பது வீண் வேலை. பிழை இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் தெரியவே தெரியாது. 3000 அல்லது 3150 ஹெர்ட்ஸ் சோதனை கேசட் ஒன்றை ஓட்டி, அலைவரிசை காட்டும் செயலியில் பார்த்து, மோட்டாரின் சிறு துளைக்குள் இருக்கும் திருகைத் திருப்புங்கள்.

ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வதுதான் பலர் தாண்டிப்போகும் வேலை. ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள ஒரு சின்னத் திருகு இருக்கும். நன்றாகப் பதிந்த கடை கேசட் ஒன்றை மோனோவில் கேட்டபடி, மேல் ஒலி எங்கே அதிகம் தெளிகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஸ்டீரியோவில் கேட்டால் பிழை பாதி மறைந்துவிடும், மோனோவில் இடமும் வலமும் ஒன்றையொன்று வெட்டி மங்குவதால் உடனே தெரியும். பிரதி எடுக்கும் எல்லா டெக்குக்கும் இதே கேசட்டை வைத்துச் செய்ய வேண்டும்.

வெற்று கேசட் பற்றி. சி60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) டேப் சுமார் 18 மைக்ரான் தடிமன், சி90 சுமார் 12, சி120 வெறும் 9. கடைசியதை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். நீளும், சுருங்கும், சுருளில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றுக்குக் கசியும். இன்று புதிதாகத் தயாராவது பெரும்பாலும் டைப் 1 எனப்படும் இரும்பு ஆக்சைடு டேப்தான், இந்த இசைக்கு அது தாராளம். பழைய குரோம் டேப் கிடைத்தால் கூட்டின் மேல்விளிம்புப் பள்ளங்களைப் பாருங்கள். டெக் அதை வைத்துத்தான் வகையைக் கண்டுபிடிக்கும். டைப் 1-க்கு 120 மைக்ரோநொடி, டைப் 2 எனப்படும் குரோமுக்கு 70 மைக்ரோநொடி ஈக்வலைசேஷன் (மேல் ஒலியைச் சமன்செய்யும் அமைப்பு). மாறிப்போனால் ஒலி மந்தமாகவோ கிறீச்சென்றோ வரும். அளவு சொல்லி டேப் ஏற்றித்தரும் இடம் இருந்தால் நல்லது. பக்கத்துக்கு 18 நிமிடம் என்றால் சி38 அல்லது சி40. இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் நீளமானதை ஏ பக்கம் வையுங்கள். ஏ பக்கக் கடைசியில் காலி இருந்து, கேட்பவர் இசை நின்றதும் கேசட்டைத் திருப்பினால் பி பக்கத்தின் நடுவில் போய் விழுவார்.

பதியும் அளவுக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. பேஸும் நடு ஒலியும் மீட்டரில் +3 வரை போனாலும் டைப் 1 டேப் தாங்கும், சற்றுச் சூடாகவே ஒலிக்கும். வெள்ளை இரைச்சல், ஹை-ஹேட், கூரான சிந்தசைசர் ஒலி என்றால் −3-க்கு மேல் விடாதீர்கள். பதியும்போது டெக்கே மேல் அலைவரிசையைத் தூக்கிக் கொடுக்கிறது, அதனால் அந்தப் பகுதி முதலில் நிரம்பி மணல் அரைப்பதைப் போலாகும். கணினியிலிருந்து மாஸ்டர் (பிரதி எடுக்கும் மூலப் பதிவு) கொடுப்பவர்கள் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மென்மையாக வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதே கணினியில் செயற்கை ஹிஸ் (டேப் இரைச்சல்) சேர்ப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். டேப் அதைத் தாராளமாகத் தரப்போகிறது. பிரதிகளுக்கு டால்பி இரைச்சல் குறைப்பு வேண்டாம், கேட்பவரின் டெக்கில் அது இருக்காது, இருந்தாலும் அளவு பொருந்தாது. ஹம் கேட்டால் எல்லாக் கருவியையும் ஒரே பிளக் பலகையில் போடுங்கள். போகாவிட்டால் ஆடியோ வயரில் ஒரு முனையின் ஷீல்டை மட்டும் விடுவியுங்கள். மின் பிளக்கின் எர்த்தை வெட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது உயிர் விஷயம்.

பிரதி எடுப்பது பொறுமைக் கணக்கு. சி40 ஒன்றுக்கு 40 நிமிடம், 25 பிரதிக்கு ஒரே டெக்கில் 16 மணி 40 நிமிடம். மூன்று டெக் என்றால் ஒன்பது சுற்று, 6 மணி நேரம், சுருட்டும் நேரம் தனி. இரட்டை டெக்கின் அதிவேகப் பிரதி பட்டனை மறந்துவிடுங்கள், மேல் ஒலி காணாமல் போகும். பிரதியிலிருந்து பிரதி எடுக்காதீர்கள், எல்லாம் மாஸ்டரிலிருந்தே. ஒவ்வொரு வெற்று கேசட்டையும் முதலில் ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுருட்டுங்கள், இறுக்கம் சீராகும். தொடக்கத்தில் காந்தப் பூச்சு இல்லாத லீடர் ஐந்தாறு நொடி ஓடும், இசையைப் பத்தாவது நொடியில் தொடங்குங்கள். ஐந்து பிரதிக்கு ஒரு முறை ஹெட் துடைப்பு. எந்தப் பிரதி எந்த டெக்கில் எடுத்தது என்று அட்டையின் உள்மடிப்பில் பென்சிலால் குறித்துவிட்டால், ஒன்று கெட்டிருந்தால் அதே டெக்கின் மற்றவற்றையும் பிடித்துவிடலாம். முதல் பிரதியை வாக்மேனிலும் கார் பிளேயரிலும் மலிவான மோனோ பெட்டியிலும் போட்டுக் கேட்ட பிறகே மீதியைத் தொடங்குங்கள்.

அட்டைக்கு முன்பக்கம் 65 மி.மீ., முதுகு 12.5, பின்மடிப்பு 16, உயரம் 101.5. ஏ4 தாளில் ஆறு அடங்கும், ஐந்து தாளில் 25 பிரதி போக ஐந்து மிச்சம். இரண்டு அட்டை பக்கத்தில் பக்கமாக 203 மி.மீ. பிடிப்பதால் ஓரத்தில் 3.5 மி.மீ.தான் மிஞ்சும், பல நகல் இயந்திரங்கள் அதைத் தின்றுவிடும். அதனால் எழுத்தை ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். 160 முதல் 200 ஜிஎஸ்எம் தாளில், மடிக்கும் முன் முனை மழுங்கிய கத்தியால் கோடு கீறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டோனர் மடிப்பில் உதிரும். டோக்கியோவில் மெர்ஸ்போ என்ற பெயரில் 1979 முதல் இயங்கும் இரைச்சல் இசைக் கலைஞர் மசாமி அகிதா, தன் ஆரம்ப கேசட்டுகளை ஜெராக்ஸ் கொலாஜ் அட்டைகளோடுதான் அஞ்சலில் பரிமாறினார். கறுப்பு வெள்ளை நகலின் கரடுமுரடு இந்த இசைக்கு வண்ண அச்சைவிடப் பொருத்தம். கூட்டின் மேல் தடித்த ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், கார் பிளேயரில் நுழைந்து வெளியே வராது. ரப்பர் ஸ்டாம்ப் போதும், மை காய ஒரு ராத்திரி விடுங்கள்.

சரிபார்த்து முடித்ததும் மேல்விளிம்பில் உள்ள சிறு பட்டைகளை உடைத்துவிடுங்கள், யாரும் மேலே பதிய முடியாது. ஏ பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது இடது மூலையில் இருப்பது ஏ பக்கத்துக்கானது. மாஸ்டரை 24 பிட்டில் கணினிக்கும் ஏற்றிவையுங்கள். மூல டேப்பைக் கடைசிவரை ஓட்டிய நிலையில், செங்குத்தாக, ஸ்பீக்கர் காந்தத்திலிருந்து தள்ளி, ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள். லூப் கேசட்டுகளையும் சேர்த்து வைக்கலாம். ஒட்டு பிரிந்தால் அதே இடத்தில் மறுபடி ஒட்டினால் போதும், வெட்டிக் குறைத்தால் தாளத்தின் நீளம் மாறிவிடும்.